ஓடும் மிசினை ஓடுவதாகவே காட்டுவது: ரெண்டர் படங்களில் அசைவு மங்கல்

சம்மாந்துறையில் ஒரு நெல் மில்லில் உமியைத் தள்ளும் புளோவரை அளவெடுத்து, கணினியில் முப்பரிமாண மொடலாகச் செய்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கூடு, இறக்கைகள், கப்பி, பெல்ட், மோட்டர் எல்லாம் பிசகில்லாமல் இருக்கின்றன. இரும்புக்கு இரும்பின் பளபளப்பும் ரப்பருக்கு ரப்பரின் கருமையும் கொடுத்தாயிற்று. ரெண்டர் எடுத்துப் பார்த்தால், அதாவது மொடலைக் கணினியே கணக்குப் போட்டுப் படமாக்கும்படி செய்தால், படம் பளிச்சென்று வருகிறது, ஆனால் மிசின் நிற்கிறது. அது ஓடும்போது எப்படி இருக்கும் என்று காட்டத்தான் இவ்வளவு பாடுபட்டோம். அது மட்டும் படத்தில் இல்லை.

இந்தக் குறையைத் தீர்ப்பதுதான் மோஷன் பிளர், தமிழில் அசைவு மங்கல். ஒலுவிலில் பொறியியல் படிக்கும் பிள்ளைகள் செயற்திட்டப் போஸ்டருக்காகவும், கல்முனை, மட்டக்களப்புப் பக்கத்துப் பட்டறைக்காரர்கள் தங்கள் மிசினின் விளம்பரத் துண்டுக்காகவும் இப்படிப் படங்கள் செய்ய வேண்டி வரும்போது, முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. எந்தப் பாகம் எவ்வளவு மங்க வேண்டும், எந்தப் பக்கமாக மங்க வேண்டும் என்பதை மிசினின் இயக்கமே தீர்மானிக்கிறது. கணக்குப் பார்த்துச் செய்தால் படம் நம்பும்படி வரும். கண் மதிப்பில் ஒரு பில்டரைப் போட்டுத் தேய்த்தால், மிசினோடு பழகிய ஒருவர் பார்த்தவுடனே பிடித்துவிடுவார்.

மங்கல் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். கமராவின் ஷட்டர் திறந்து மூடும் வரை உள்ளே வருகிற வெளிச்சம் முழுவதும் ஒரே படத்தில் சேர்கிறது. அந்த நேரத்துக்குள் ஒரு பொருள் நகர்ந்தால், அது போன வழி முழுவதும் தன் நிறத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுச்செல்லும். அவ்வளவுதான் விஷயம். எனவே மங்கலின் நீளத்தை இரண்டே இரண்டு விஷயங்கள்தான் முடிவு செய்கின்றன: பொருளின் வேகம், ஷட்டர் திறந்திருந்த நேரம். கணினியில் ஷட்டர் என்று ஒன்று கிடையாது. ரெண்டர் மென்பொருள் ஒரே ஒரு கணத்தை எடுத்துக் கணக்குப் போடுகிறது. அதனால்தான் விசிறி இறக்கை உறைந்து நிற்கிறது. நாமாக ஒரு ஷட்டர் நேரத்தைச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

இப்போது எண்களுக்கு வருவோம். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதில் ஓடும் நான்கு துருவ மோட்டர் நிமிடத்துக்கு 1500 சுற்றுக்குச் சற்றுக் குறைவாகச் சுற்றும். மில் மோட்டர்களின் தகட்டில் 1440 என்று பொறித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 1440 சுற்று என்றால் செக்கனுக்கு 24 சுற்று, அதாவது செக்கனுக்கு 8640 பாகை. ஷட்டர் ஒரு செக்கனில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம் திறந்திருந்தால், கப்பி 8.64 பாகை திரும்பியிருக்கும். சினிமாவில் வழக்கமான 48இல் ஒரு பங்கு செக்கன் திறந்திருந்தால், சரியாக அரைச் சுற்று. முதலாவதில் கப்பியின் ஆரக்கால்கள் ஓரம் மட்டும் மென்மையாகித் தெரியும். இரண்டாவதில் ஆரக்கால் என்ற ஒன்றே தெரியாது, ஒரு சாம்பல் தட்டுத்தான் இருக்கும்.

சுற்றும் பொருளில் கோணம் எல்லா இடத்திலும் ஒன்று, ஆனால் நகர்ந்த தூரம் ஒன்றல்ல. 300 மில்லிமீற்றர் விட்டமுள்ள கப்பியை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன 8.64 பாகைக்கு அதன் விளிம்பு ஏறத்தாழ 22.6 மில்லிமீற்றர் ஓடிவிடும். மையத்திலிருந்து 50 மில்லிமீற்றரில் இருக்கும் ஒரு போல்ட்டின் தலை 7.5 மில்லிமீற்றர்தான் ஓடும். நடுவிலுள்ள தண்டின் முனை கிட்டத்தட்ட இருந்த இடத்திலேயே இருக்கும். மையம் தெளிவாகவும் வெளியே போகப் போக மங்கலாகவும் இருப்பதைக் கண்டால் நம் கண் உடனே ‘சுற்றுகிறது’ என்று எடுத்துக்கொள்கிறது. முழுப் பாகத்தையும் ஒரே அளவில் மங்கலாக்கிவிட்டால், போகஸ் தவறிய படம் என்றுதான் தோன்றும்.

இங்கே புதியவர்கள் தடுமாறுகிற ஓர் இடம் இருக்கிறது. வழுவழுப்பான உருளை எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் மங்கலாகாது. வாழைச்சேனைக் காகித ஆலையில் இருப்பது போன்ற நீண்ட உருளைகளை மொடலாகச் செய்து, மோஷன் பிளரைப் போட்டு ரெண்டர் எடுத்தால், படத்தில் ஒரு மாற்றமும் இராது. மென்பொருளில் பிழை தேட வேண்டாம். உருளையை எந்தக் கோணத்துக்குத் திருப்பினாலும் அது ஒரே மாதிரித்தான் தெரிகிறது. மாற்றம் இல்லாத இடத்தில் மங்க என்ன இருக்கிறது? ஆரக்கால், சாவிப்பள்ளம், போல்ட் தலை, ஒரு பக்கத்தில் பட்ட பெயின்ட், துருத் திட்டு என்று சுற்றளவில் எங்காவது ஒரு வேறுபாடு வேண்டும். ஆகவே சுற்றும் தண்டைக் காட்ட வேண்டுமானால், மொடலிலேயே முனையில் ஒரு நட்டையோ, விளிம்பில் ஒரு வெள்ளைக் கோட்டையோ வைத்துவிடுங்கள். உண்மையான மிசின்களிலும் சுழற்சியைப் பார்க்கவும் அளக்கவும் இப்படிக் கோடு போடுவது உண்டு. அதனால் படத்தில் அது பொய்யாகத் தெரியாது.

பற்சில்லு: கணக்குத் தவறினால் உடனே தெரியும்

20 பல் உள்ள சிறிய பற்சில்லு ஒன்று 60 பல் உள்ள பெரியதை ஓட்டுகிறது. சிறியது 1440 சுற்றில் ஓடினால் பெரியது 480 சுற்றில் ஓடும். ஆயிரத்தில் ஒரு பங்கு செக்கனில் சிறியது 8.64 பாகை, பெரியது 2.88 பாகை. இரண்டுக்கும் கோணம் வேறு. ஆனால் பற்கள் ஒன்றையொன்று தொடும் இடத்தில் இரண்டும் ஒரே வேகத்தில், ஒரே திசையில் நகர்கின்றன. நகராவிட்டால் பல் உடைந்துவிடும். ஆகவே விளிம்பில் மங்கலின் நீளம் இரண்டிலும் சமமாக இருந்தே ஆக வேண்டும். இரண்டு சில்லையும் தேர்ந்தெடுத்து இரண்டுக்கும் பத்துப் பாகை மங்கல் கொடுத்தால், பெரிய சில்லின் விளிம்பு சிறியதைவிட மூன்று மடங்கு ஓடியதாகப் படம் சொல்கிறது. பெரிய சில்லு வழுக்கிக்கொண்டு போகிறது என்று அர்த்தமாகிவிடும். பெல்ட்டும் கப்பியும் அப்படித்தான். செயினும் அப்படித்தான்.

எவ்வளவு மங்கல் நல்லது என்பதற்கும் இதே பற்சில்லில் பதில் இருக்கிறது. 20 பல் என்றால் ஒரு பல்லிலிருந்து அடுத்த பல்லுக்கு 18 பாகை. அதில் பாதி பல், பாதி இடைவெளி. 8.64 பாகை மங்கல் என்பது கிட்டத்தட்ட அந்தப் பாதி. இடைவெளி முழுவதும் பல்லின் நிறம் படிந்துவிடும், பல்லின் வடிவம் போய்விடும். ஷட்டர் நேரத்தை மூவாயிரத்தில் ஒரு பங்கு செக்கனாகக் குறைத்தால் 2.88 பாகைதான் வரும். பல்லின் முகங்கள் மென்மையாகி, வடிவம் அப்படியே நிற்கும், ஓட்டமும் தெரியும். என் வழக்கம் இதுதான்: ஒரு பல்லிலிருந்து அடுத்த பல்லுக்கு உள்ள கோணத்தில் ஆறில் ஒன்றுக்கும் நான்கில் ஒன்றுக்கும் இடையில் மங்கலை வைத்துக்கொள்வேன். மூன்று இறக்கை விசிறிக்கு அந்த இடைவெளி 120 பாகை, எனவே 20 முதல் 30 பாகை வரை. இதே கணக்கு ஆரக்காலுக்கும் போல்ட் வட்டத்துக்கும் பொருந்தும்.

மங்கல் சரியாக 120 பாகை ஆனால் மூன்று இறக்கையும் ஒன்றாகக் கலந்து, சீரான ஒரு வட்டத் தட்டாகிவிடும். அந்தத் தட்டு ஊடாகத் தெரியக்கூடியது. ஓரிடத்தில் இறக்கைகள் வட்டத்தின் மூன்றில் ஒரு பங்கை மறைத்தால், பின்னாலிருக்கும் பாகத்தின் வெளிச்சத்தில் மூன்றில் இரண்டு பங்கு நமக்கு வந்து சேரும். கூட்டுக்குள் இருக்கும் தாங்கியைக் காட்ட விரும்பினால் இது உதவும். இறக்கையின் வளைவைக் காட்ட விரும்பினால் கெடுக்கும். எதைக் காட்டப் போகிறோம் என்று முடிவெடுத்துவிட்டுத்தான் ஷட்டருக்குப் போக வேண்டும்.

சுற்றுவது மட்டும் இயக்கம் இல்லை. வயலுக்குத் தண்ணீர் இறைக்கும் சிறிய எஞ்சினை நடுவில் வெட்டிக் காட்டும் படம் ஒன்றை நினைத்துப் பாருங்கள். எஞ்சின் 3000 சுற்றில் ஓடுகிறது. பிஸ்டன் மேல் எல்லையில் இருக்கும் கணத்தைத் தேர்ந்தெடுத்தால், அது மங்கவே மங்காது. மேலே போய்த் திரும்பும் இடத்தில் அதன் வேகம் பூச்சியம். பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் கிராங்க் மட்டும் மங்கலாகவும் பிஸ்டன் கூர்மையாகவும் வருவதைப் பார்த்துப் பலர் ஏதோ அமைப்புப் பிழை என்று நினைப்பார்கள். அது சரியான படம்தான். பிஸ்டன் ஓடுவதாகக் காட்ட வேண்டுமானால் கிராங்க் மேல் எல்லையிலிருந்து 70, 80 பாகை தாண்டியிருக்கும் நிலையை எடுங்கள். அங்கேதான் வேகம் உச்சத்தில் இருக்கும். மேல் எல்லையிலிருந்து கீழ் எல்லை வரை பிஸ்டனின் ஓட்ட நீளம் 50 மில்லிமீற்றர் என்றால், ஆயிரத்தில் ஒரு பங்கு செக்கனில் பிஸ்டன் சுமார் 8 மில்லிமீற்றர் நகரும். இணைப்புத் தண்டு இன்னும் அழகானது. அதன் மேல் முனை நேர்கோட்டில் போகிறது, கீழ் முனை வட்டத்தில் போகிறது, நடுப்பகுதி நீள்வட்டம் போன்ற பாதையில் போகிறது. ஒரே பாகத்தில் மூன்று விதமான மங்கல். இதைக் கையால் தீட்டி எடுக்க முடியாது, இயக்கத்தை மொடலிலேயே சரியாகப் பூட்டினால் தானாக வரும்.

உருளும் சில்லைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கல்லடிப் பாலத்தின் ஓரத்தில் நின்று போனை அசைக்காமல் பிடித்து, கடந்து போகும் சைக்கிளைப் படம் எடுங்கள். சில்லின் மேல் பாதியில் கம்பிகள் கரைந்திருக்கும், தார் ரோட்டைத் தொடும் இடத்தில் கம்பிகளை எண்ணக்கூடிய அளவுக்குத் தெளிவு இருக்கும். ரோட்டைத் தொடும் புள்ளி அந்தக் கணத்தில் நிற்கிறது, உச்சிப் புள்ளி சைக்கிளைப் போல இரண்டு மடங்கு வேகத்தில் போகிறது. அதே சைக்கிளோடு சேர்த்துப் போனைத் திருப்பிக்கொண்டே எடுத்தால், பாலத்தின் கைப்பிடி கோடுகளாகிவிடும், சைக்கிள் தெளிவாகும், சில்லு சுற்றிலும் ஒரே மாதிரி மங்கும். லாண்ட்மாஸ்டர் போவதை ரெண்டர் செய்கிறவர் இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பின்னணி தெளிவாகவும், வண்டி தெளிவாகவும், சில்லு மட்டும் சீராக மங்கியும் இருந்தால், வண்டியை ஜாக்கியில் தூக்கி வைத்துச் சில்லைச் சுற்றிவிட்டதாகத்தான் அர்த்தம்.

கணினி இதை எப்படிச் செய்கிறது

1984இல் லூகாஸ்பிலிம் நிறுவனத்திலிருந்த ரொபர்ட் குக், தோமஸ் போர்ட்டர், லோரன் கார்ப்பென்டர் ஆகிய மூவர் ஒரு வழியை எழுதி வெளியிட்டார்கள். ரெண்டர் எடுக்கும்போது கணினி படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் பல ஒளிக்கதிர்களை அனுப்பி, அவை எந்தப் பாகத்தைத் தொடுகின்றன என்று பார்த்து நிறத்தைக் கணக்கிடுகிறது. அவை எல்லாவற்றையும் ஒரே கணத்தில் அனுப்பாமல், ஷட்டர் திறந்திருக்கும் நேரத்துக்குள் ஒவ்வொன்றையும் வெவ்வேறு கணத்தில் அனுப்பு என்பதே அந்த யோசனை. ஒரு கதிர் இறக்கையைத் தொடும், அடுத்தது இறக்கை நகர்ந்துபோன பிறகு பின்னாலுள்ள கூட்டைத் தொடும். சராசரி எடுத்தால் மங்கல் வந்துவிடுகிறது. உருளும் பில்லியர்ட்ஸ் பந்துகளை வைத்து அவர்கள் செய்து காட்டிய படத்தில் பந்துகள் மட்டுமல்ல, அவற்றின் நிழல்களும், மற்றப் பந்துகளில் விழுந்த பிரதிபலிப்புகளும் சேர்ந்தே மங்கியிருந்தன. இந்த நிழல் விஷயம் மிக முக்கியம். பில்டரால் தேய்த்த படங்களைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் கூர்மையாகவே விட்டுப்போன நிழல்தான்.

இலவசமாகக் கிடைக்கும் முப்பரிமாண மென்பொருளான பிளெண்டரில் சைக்கிள்ஸ் என்ற ரெண்டர் முறை இதைத்தான் செய்கிறது. ரெண்டர் அமைப்பில் மோஷன் பிளரை டிக் செய்தால் ஷட்டர் என்று ஓர் எண் வரும். ஆரம்பத்தில் அது 0.5, அதாவது அரை பிரேம் (பிரேம் என்பது அசையும் படத்தின் ஒரு தனிப் படம்). செக்கனுக்கு 24 பிரேம் என்றால் 48இல் ஒரு பங்கு செக்கன். ஒற்றைப் படத்துக்கு உண்மையான சுற்று வேகத்தைக் கொடுத்தே ஆக வேண்டும் என்றில்லை. ஒரு பிரேமுக்கு எத்தனை பாகை திரும்புகிறது என்பதை ஷட்டர் எண்ணால் பெருக்கினால் மங்கல் கோணம். 24 பாகை மங்கல் வேண்டுமா, பிரேமுக்கு 48 பாகை திருப்பி ஷட்டரை 0.5இல் விடுங்கள். பற்சில்லுகளுக்குச் சிறியதை மட்டும் கையால் திருப்பி, பெரியதை டிரைவர் (ஒரு பாகத்தின் அசைவை இன்னொன்றோடு பிணைக்கும் வசதி) மூலம் அதன் மூன்றில் ஒன்றாக எதிர்ப்பக்கம் திரும்பும்படி பூட்டிவிடுங்கள். அப்புறம் வேகத்தை எத்தனை முறை மாற்றினாலும் இரண்டும் பொருந்தியே இருக்கும்.

இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். கீஃபிரேம் வைக்கும்போது, அதாவது எந்த பிரேமில் பாகம் எந்த நிலையில் இருக்க வேண்டும் என்று குறிக்கும்போது, பிளெண்டர் மெல்லத் தொடங்கி மெல்ல நிற்கும் இயக்கத்தைத் தானாகக் கொடுக்கும். முதல் பிரேமிலேயே ரெண்டர் எடுத்தால் பாகம் அப்போதுதான் அசையத் தொடங்கியிருக்கும், மங்கல் போதாது. இயக்கத்தை லீனியர் (ஒரே சீரான வேகம்) ஆக்கி, ஓட்டத்தின் நடுவிலுள்ள ஒரு பிரேமை எடுங்கள். இரண்டாவது, வேகமான சுழற்சி. தொடக்க நிலையையும் முடிவு நிலையையும் மட்டும் பார்க்கிற ஒரு மென்பொருளுக்கு, முழுச் சுற்றுச் சுற்றிய கப்பி அசையாத கப்பியாகவே தெரியும். சுழலும் பாகத்தின் புள்ளிகளை இரண்டு நிலைகளுக்கு இடையில் நேர்கோட்டில் நகர்த்தினால் இன்னொரு கேடு வரும். 60 பாகை திருப்பத்தின் நடுவில் ஆரை 0.866 மடங்காகச் சுருங்கி, விளிம்பு உள்ளே குழிந்துவிடும். அந்தப் பாகத்தின் மோஷன் பிளர் அமைப்பில் ஸ்டெப்ஸ் என்ற எண்ணைக் கூட்டினால் இடையில் கூடுதல் நிலைகளை எடுத்துக்கொள்ளும், வட்டம் வட்டமாக வரும்.

மென்பொருளில் இந்த வசதி இல்லாவிட்டாலும் வழி உண்டு. பாகத்தைச் சிறிது சிறிதாகத் திருப்பிப் பல படங்களை ரெண்டர் செய்து, படங்களைத் திருத்தும் மென்பொருளான கிம்பில் அடுக்குகளாகப் போட்டுச் சராசரி எடுக்கலாம். அடியிலுள்ள அடுக்குக்கு 100 வீதம், அடுத்ததுக்கு 50, அதற்கடுத்ததுக்கு 33, பிறகு 25 என்று ஒளிபுகாத் தன்மையைக் குறைத்துக்கொண்டே போனால் எல்லாப் படமும் சம பங்கு பெறும். நிழலும் சேர்ந்தே மங்கும் என்பது இதன் பெரிய நன்மை. ஆனால் படங்கள் போதாவிட்டால் படிப்படியாகத் தெரியும். 24 பாகையை 32 படங்களாகப் பிரித்தால் ஒரு படிக்கு 0.75 பாகை. படத்தில் 500 பிக்சல் ஆரையுள்ள சில்லின் விளிம்பில் அது ஆறரை பிக்சல் தாவல், கண்ணுக்குத் தெரியும். படங்களின் எண்ணிக்கையைக் கூட்டலாம், அல்லது சராசரி எடுத்த படத்தில் சில்லுக்கு மட்டும் கிம்பின் வட்ட மோஷன் பிளரை ஒரு பாகைக்குக் குறைவாகப் போட்டுச் சமன் செய்யலாம். அந்த பில்டர் உண்மையான வட்டத்துக்கு மட்டுமே பொருந்தும் என்பதை மறக்க வேண்டாம். சில்லைச் சாய்வாகப் பார்க்கும் படத்தில் அது நீள்வட்டமாகத் தெரியும், அங்கே இந்த பில்டர் விளிம்பைத் தாண்டி வெளியே இழுத்துவிடும்.

போனால் எடுத்த படத்தைப் பார்த்துப் பார்த்து மொடலைச் செய்கிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. போன் கமரா படத்தை வரிவரியாக வாசிப்பதால் வேகமான இறக்கைகள் வாழைப்பழமாக வளைந்து தெரியும். அது மிசினின் தன்மையல்ல, ரெண்டரில் அதைப் போலச் செய்யத் தேவையில்லை.

மங்கலுக்குச் சொல்ல முடியாத ஒன்றும் இருக்கிறது: திசை. மருதமுனைத் தறியில் நூலைக் கொண்டுபோகும் நாடா இடமிருந்து வலம் போனாலும் வலமிருந்து இடம் போனாலும் மங்கல் ஒன்றுதான், இரண்டு முனையும் சமமாகக் கரைந்திருக்கும். சுற்றும் சில்லும் அப்படியே. வாசகர் திசையைத் தெரிந்தே ஆக வேண்டிய படமானால் அம்புக்குறி போடுவதே நேர்மையான வழி. அம்புக்குறி பிடிக்காவிட்டால் சைக்கிள்ஸில் ஷட்டர் வளைவு என்று ஒன்று இருக்கிறது. ஷட்டர் மெல்லத் திறந்து, முழுதாகத் திறந்தவுடன் சட்டென்று மூடுவதுபோல அதை வரைந்தால், பாகத்தின் முன்பக்கம் கூர்மையாகவும் பின்பக்கம் வால் போலக் கரைந்தும் வரும். உண்மையான கமரா அப்படி எடுக்காது. ஆனாலும் பாடப்புத்தகப் படத்துக்கும் செயல்விளக்கப் படத்துக்கும் இந்தச் சுதந்திரத்தை எடுத்துக்கொள்ளலாம் என்றே நான் நினைக்கிறேன். அளவு காட்டும் படம், பாகங்களைக் கழற்றிப் பூட்டக் காட்டும் படம் ஆகியவற்றுக்கு மங்கலே வேண்டாம்.

கடைசியாக, மங்கிய இடங்களில் புள்ளி புள்ளியாக மணல் போலத் தெரிந்தால் கதிர்கள் போதவில்லை என்று அர்த்தம். ஒரு புள்ளிக்கு எத்தனை கதிர் என்று சொல்லும் சாம்பிள் எண்ணைக் கூட்டுங்கள், நேரம் கூடத்தான் செய்யும். ஷட்டரையும் கோணத்தையும் கால் அளவுப் படத்தில் முதலில் சோதித்துச் சரி பார்த்துவிட்டு, முழு அளவு ரெண்டரை இரவில் ஓட விடுங்கள்.